அதே சைஸ் பேட்டரி

காரை ஓட்டிக்கொண்டு வந்தது பூங்குழலி. ஆனால் பேட்டரிக் கடைக்காரர் பழனிமுத்து, பானெட்டைத் திறந்துவிட்டு அவள் கணவன் மகேந்திரனைப் பார்த்துத்தான் கேட்டார், "எவ்வளவு நாளா சார் இப்புடிப் படுத்துது?"

மகேந்திரனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. காலையில் விஜயநகர் வீட்டு வாசலில் கிடந்த வண்டிக்கு எதிர்வீட்டுக் காரிலிருந்து வயர் போட்டு உயிர் கொடுத்து, வழியில் அணைந்துவிடுமோ என்ற பயத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலேயே மண்டி மொஹல்லாவின் சந்துக்குள் நுழைத்துக் கொண்டுவந்தவள் அவள். சாவி இன்னும் அவள் கைக்குள்தான் சூடாக இருந்தது.

"போட்டு ஒரு வருசங்கூட ஆகலீங்க. பேட்டரி மேல தப்பில்ல, இவ ஓட்டற ஓட்டு அப்புடி. ஏசி, பாட்டு, லைட்டுன்னு எல்லாத்தையும் போட்டுட்டு மகாராணி கணக்கா போனா எது தாங்கும்?"

பழனிமுத்து சிரித்தார். பூங்குழலி சிரிக்கவில்லை. இதே பேச்சை ஹனூரில் ஒரு கல்யாணப் பந்தியில் அவன் சொன்னபோது அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். "எங்கூட்டுக்காரிக்குச் சோறு வேண்டாம், மாசம் ஒரு பேட்டரி போட்டாப் போதும்" என்றான். இலைக்கு இலை சிரிப்பு ஓடியது. அவன் சொன்னதை அவள் நம்பியும் தொலைத்தாள். அந்தக் கோடை முழுக்க, குண்டலுபேட்டையில் அவள் வேலை பார்க்கும் வங்கிக்கு ஏசி போடாமல் கண்ணாடியை இறக்கிவிட்டு, லாரிப் புழுதியைத் தின்றுகொண்டே போனாள். போனுக்குச் சார்ஜ் போடக்கூடப் பயம். வங்கிக்குப் போனதும் முதலில் கழிவறைக்குள் நுழைந்து, முதுகோடு ஒட்டிய ரவிக்கையைப் பிய்த்துப் பிய்த்துக் காற்றாட விட்டு, முகம் கழுவிக்கொண்டுதான் இருக்கைக்குப் போவாள். விரதம் இருப்பவளைப் போல அவ்வளவு சிரத்தை. அப்படியும் பேட்டரி செத்தது.

செத்ததும் மகேந்திரன் முடிவையும் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வண்டியை விலைக்குப் பார்க்க ஆள் வருகிறது. வண்டி இல்லையென்றால் குண்டலுபேட்டை எதற்கு? வேலையை விட்டுவிடலாம். கறிவேப்பிலையைத் தட்டோரம் ஒதுக்குவதுபோல அவள் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டு எழுந்தான்.

"அதே சைஸ்ல ஒண்ணு போட்டுடுங்க. விக்கிற வண்டிதான்" என்றான் இப்போது.

பழனிமுத்து பழைய பேட்டரியைத் திருப்பிப் பார்த்தார். என்ன தோன்றியதோ, ஓட்டுநர் பக்கக் கதவு வழியாக உள்ளே குனிந்தார். முதல்முறையாக அவளிடம் பேசினார்.

"மேடம், வட்டத்துக்குள்ள 'ஏ' போட்ட இந்தப் பட்டன் வேலை செய்யுதா?"

"தெரியலீங்கண்ணா. பழைய வண்டியாத்தான் வாங்கினோம். அது சும்மான்னு இவரு சொன்னாரு."

"சும்மா இல்ல மேடம். சிக்னல்ல நியூட்ரல் போட்டுக் க்ளட்சை விட்டா இஞ்சின் தானா அணையும், மிதிச்சா தானா எந்திரிக்கும். பெட்ரோல் மிச்சம். அதுக்குன்னே வேற பேட்டரி இருக்குது. இதுல சாதாவைப் போட்டா அந்த வேலையும் நடக்காது, வண்டி சார்ஜ் ஏத்தற விதம் ஒத்துக்காம பேட்டரியும் இப்புடித்தான் சீக்கிரம் போயிரும். யாரு போட்டது?"

மகேந்திரன் தெருவில் போன ஆட்டோவைப் பார்த்தான்.

"சைஸ் ஒண்ணுதானேங்க..."

"சைஸ் மட்டும் பாத்துப் பொண்ணு குடுப்பாங்களா சார்?"

பூங்குழலி கேட்டாள், "அப்ப, ஏசி போட்டதால இல்லீங்களா?"

"ஏசியை இஞ்சின் இழுக்குது மேடம். ஓடற வண்டியில ஏசி போட்டா பேட்டரிக்கு என்ன வந்துச்சு?"

ஒரு கோடை முழுக்க. இவன் அன்று ஏதோ ஒரு கடையில் 'அதே சைஸ்' என்று சொன்ன ஒரு வார்த்தைக்கு.

"சரி, என்னமோ" என்றான் மகேந்திரன். "அது விலை ஜாஸ்தி இருக்கும். விக்கிற வண்டிக்குச் சாதாவே போதும்."

"யாருங்க விக்கிறது?"

"குழலி, கடையில வெச்சு—"

"பந்தியில வெச்சு நீங்க பேசலியா? வண்டி என் பேருல இருக்குது. என் சம்பளத்துலதான் கடன் புடிக்கிறாங்க." குரல் உயரவில்லை. உயர்ந்தால் உடைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். "ஞாயித்துக்கெழமை ஆளு வந்தா, காப்பி குடிச்சிட்டுப் போகட்டும். அண்ணா, இந்த வண்டிக்கு உண்டானதையே போடுங்க."

வண்டிக்கு உண்டான பேட்டரியோடு திரும்பினார்கள். ஹுன்சூர் ரோட்டுச் சிக்னலில் சிவப்பு விழுந்தது. நியூட்ரலுக்குத் தள்ளிக் காலை எடுத்தாள். இஞ்சின் அணைந்தது. அப்படியொரு அமைதியை அந்த வண்டிக்குள் அவள் கேட்டதே இல்லை.

மகேந்திரன் துள்ளி நிமிர்ந்தான். "நின்னுபோச்சு! பாத்தியா! அவன் பேச்சைக் கேட்டுக் காசைக் கொட்டினியே, நடுரோட்டுல நிறுத்திட்டியே புள்ள!"

கடையில் சொன்னது எதுவும் அவன் காதில் ஏறவில்லை. சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாயத் தொறக்கறாளா பாரு. நான் எறங்கித் தள்ளறேன், நீ ஓரமா ஒடி." பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்து ஒரு காலை ரோட்டில் வைத்தான்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் கிளம்பின. அவள் க்ளட்சை மிதித்தாள். இஞ்சின் உறுமாமல், மெல்ல விழித்துக்கொண்டது.

மகேந்திரன் ஒரு கால் ரோட்டிலும் ஒரு கால் உள்ளேயுமாக அவளைத் திரும்பிப் பார்த்தான். திறந்த கதவைச் சுற்றி ஆட்டோக்கள் வளைந்து போயின. அவள் முதல் கியரைப் போட்டாள்.