மூத்த மாப்பிள்ளையின் பச்சைக் கார்

ஷோரூமில் ஏழு கார் தயாராக நின்றது. ஏழையும் சுற்றி வந்து, ஒவ்வொன்றின் கதவையும் திறந்து சாத்திக் காதால் எடை போட்டுவிட்டு, "இதெல்லாம் வேணாம்மா" என்றார் பெயிண்ட் கடைக்காரர். "ஊருக்கெல்லாம் செஞ்சு வெச்சதை நான் எடுக்க மாட்டேன். எனக்குன்னு செஞ்சு வரட்டும்."

"கம்பெனிக்கு ஆர்டர் போட்டா அஞ்சு மாசம் ஆகும் சார்" என்றாள் புக்கிங் மேஜைப் பெண்.

"ஆகட்டுமே. பதினாறு வருஷம் ஸ்கூட்டர்ல போனவன், அஞ்சு மாசத்துலயா தேஞ்சு போயிடுவேன்?"

கலர் தேர்ந்தெடுக்க மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆனது. டியூப் லைட் வெளிச்சத்தில் கலர் பார்ப்பவன் கல்யாணப் பெண்ணைப் போட்டோவில் பார்ப்பவன் மாதிரி என்பது அவர் கட்சி. கலர் தகடுகளை அள்ளிக்கொண்டு வெயிலுக்குப் போனார். அந்தப் பெண்ணையும் கூடவே நிற்கவைத்தார். கடைசியில் ஒரு பச்சை தேறியது. பார்த்ததும் பச்சை என்று சொல்லிவிட முடியாத பச்சை. ஒரு சொட்டு கறுப்பு விழுந்த பச்சை. இருபது வருஷமாக மற்றவர்கள் சுவருக்குக் கலர் கலந்து கொடுத்த மனிதர், முதல்முறையாகத் தனக்கென்று ஒரு கலரைத் தொட்டார்.

கையெழுத்துப் போடும்போது அந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னாள். "ஆர்டர் போனப்புறம் எதையும் மாத்தாதீங்க சார். மாத்தினா வரிசையில உங்க இடம் போயிடும். அந்த இடத்துக்கு வேற ஆள் வந்துடுவாங்க."

கடைக்காரர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். இதே பாட்டை அவர் தன் கடையில் நாளைக்குப் பத்துத் தடவை பாடுகிறவர். "இந்த ஷேட்ல கடைசி டின் சார், மத்தியானம் ஒருத்தர் வரேன்னிருக்காரு" என்பார். உள்ளே அதே ஷேட்டில் முப்பது டின் கூரை முட்ட அடுக்கியிருக்கும். 'நம்மகிட்டயேவா' என்று நினைத்துக்கொண்டு, "சரிம்மா சரிம்மா" என்று எழுந்தார்.

இவ்வளவும் எதற்காக என்றால், மாமனாருக்காக. மாமனாருக்கு இரண்டு பெண்கள், இரண்டு மாப்பிள்ளைகள். மூத்தவர் இவர். இளையவர் பல் டாக்டர். மாமனாரை எங்கே அழைத்துப்போவதென்றாலும் பல் டாக்டரின் பழைய கார்தான் வாசலுக்கு வரும். மூத்த மாப்பிள்ளை, சட்டைக் கையில் பிரைமர் கறையோடு, ஸ்கூட்டரில் பின்னாலேயே புகை குடித்துக்கொண்டு போவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாமனார் முன் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக இவரைப் பார்த்துக் கையாட்டுவார். அந்தக் கையாட்டலுக்குத்தான் இந்தக் கார். குடும்பத்தின் முதல் புதுக் கார் மூத்தவன் கார். அதில் முதல் சவாரி மாமனாருக்கு. இதை மாமனாரிடமே சொல்லியும்விட்டார்.

காத்திருப்பது தொடங்கியது. காலையில் கடை ஷட்டரைத் தூக்கியதும் ஷோரூமுக்கு ஒரு போன். "என்னம்மா, கதவு மாட்டிட்டாங்களா?" "இன்னும் ஆரம்பிக்கவே இல்ல சார்." வீட்டு வாசலை டேப்பால் மூன்று தடவை அளந்தார். காருக்கு உறை வாங்கி வந்து, இடைக்கால ஏற்பாடாக ஸ்கூட்டர் மேல் போர்த்தினார். மறுநாள் காலை உறைக்குள் ஸ்கூட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடவேண்டியதாயிற்று.

மூன்று மாதம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, "அண்ணே, ஒரு விஷயம். நானும் புக் பண்ணிட்டேன்" என்றார்.

"என்னத்தை?"

"காரைத்தான். நீங்க சொல்லிச் சொல்லி எனக்கும் ஆசை வந்துடுச்சு. அதே மாடல். அதே பச்சை. நீங்க கலர் பார்த்தா அதுக்கு மேல அப்பீல் ஏது?"

கடைக்காரர் வாயில் ஒரு கவளம் சோறு இருந்தது. "நல்லது சகலை" என்று அதைத் தள்ளி இறக்கினார்.

"ஒரே ஒரு வித்தியாசம் அத்தான்" என்று தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள் டாக்டரின் மனைவி. "எங்களுது சன்ரூஃப் வெச்சது."

"அப்படின்னா?" என்றார் மாமனார்.

"மேல கூரை திறக்கும்ப்பா. வானம் தெரியும்."

"அட!" என்றார் மாமனார்.

அந்த ஒரு 'அட'தான். கடைக்காரருக்கு அப்புறம் சோறு இறங்கவில்லை. தன் காரைப் பற்றி மூன்று மாதமாக மூச்சுவிடாமல் சொல்லியிருக்கிறார். மாமனார் 'சரி', 'நல்லது', 'ஓஹோ' எல்லாம் சொல்லியிருக்கிறார். 'அட' சொன்னதில்லை.

மறுநாள் ஷட்டர் பாதி தூக்கியிருக்கும்போதே போன் போட்டார். "அம்மா, நம்ம வண்டிக்கும் கூரை திறக்கிற மாதிரி வெச்சிடு."

"சார், உங்க வண்டி ஃபேக்டரி லைனுக்குப் போற நேரம். இப்ப மாத்தினா—"

"இடம் போயிடும், வேற ஆள் வந்துடுவான். தெரியும்மா. நானும் கடைதான் வெச்சிருக்கேன். நீ எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம், டாக்டர் சீட்டுக்குத் தோல் உறை கேட்டிருக்கிறார் என்று மச்சினி வழியாக மனைவிக்கும், மனைவி வழியாக இவருக்கும் தெரிந்தது. இவரும் தோல் கேட்டார். அதற்கடுத்துப் பளபளப்பான வேறு சக்கரம். இவரும் சக்கரம். ஒவ்வொரு தடவையும் 'உங்கள் ஆர்டர் ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று செல்போனில் செய்தி வந்தது. அதிலிருந்த நம்பர் மட்டும் ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போனது. வேலை முன்னேறுகிறது போலிருக்கிறது என்று மகிழ்ந்துபோனார்.

பகலில் மகிழ்ச்சி. தூக்கத்தில் பல் கடிப்பு. சகலையின் சன்ரூஃபை நினைத்து நினைத்துக் கடித்ததில் ஒருநாள் கடைவாய்ப் பல் விண்டுவிட்டது. வெளி டாக்டரிடம் போனால் காசு, சகலையிடம் போனால் மானம். எது கையிருப்பில் அதிகமோ அதைச் செலவழிப்பவன்தானே வியாபாரி. சகலையிடமே போனார்.

நாற்காலியைச் சாய்த்து, ஊசி போட்டு, எச்சில் உறிஞ்சும் குழாயைக் கன்னத்துக்குள் மாட்டிவிட்டு, டாக்டர் வாயைத் திறந்தார். இவருடைய வாயை அல்ல, தன் வாயை.

"அண்ணே, சொல்ல மறந்துட்டேன். வண்டி அடுத்த வாரம் வருது!"

"ஆ... ஆ?"

"ஆட்டாதீங்க. என்ன ஆச்சுன்னா, யாரோ ஒரு புண்ணியவான் லைனுக்குப் போற நேரத்துல ஆர்டரை மாத்திட்டாராம். அதே மாடல், அதே பச்சை. சன்ரூஃப் மட்டும் இல்ல. 'உங்களுக்கு வேணும்னா இந்த இடத்துல உங்க பேரைப் போட்டுடறோம், சீக்கிரம் வந்துடும்'னாங்க அந்தப் பொண்ணு. எனக்கு சன்ரூஃப் எதுக்குண்ணே? தலையில இருக்கிற நாலு முடியும் காத்துல போகவா? வேணாம்னுட்டேன். தோலும் வேணாம், ஒண்ணும் வேணாம், வண்டியைக் குடுங்கன்னுட்டேன்."

கடைக்காரரின் இரண்டு கண்ணிலிருந்தும் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"வலிக்குதாண்ணே?"

தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

"இன்னும் மரத்துப் போகலையா? இருங்க, இன்னொரு ஊசி போட்டுடறேன்."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஷோரூமுக்குப் போன் போட்டார். பாதி வாய் அவருடையதாக இல்லை. "அஹ்ஹா, எஹ் வஹ்ஹி..."

"யார் சார் பேசறது? பகல்லயே குடிச்சிருக்கீங்களா?"

மனைவி போனை வாங்கி, அவர் சொல்லச் சொல்ல மொழிபெயர்த்துக் கேட்டாள். பதில் தெளிவாக வந்தது. அந்த இடம் இவருடையதுதான். கூரை கேட்ட அன்றே போய்விட்டது. அதற்கப்புறம் தோல், சக்கரம் என்று இன்னும் இரண்டு தடவை பின்னால் போயிருக்கிறார். இப்போதைக்கு ஏழு மாதம். "நான் ஒவ்வொரு தடவையும் சொன்னேனே மேடம். சார்தான் தானும் கடை வெச்சிருக்கிறதா சொன்னாரு."

"பழையபடியே தர முடியாதா?"

"அது இப்ப இன்னொருத்தர் பேர்ல இருக்கு மேடம். அவரா விட்டுக்கொடுத்தாதான் உண்டு."

மனைவி போனை வைத்தாள். "அப்ப அந்தப் புண்ணியவான்..." என்று ஆரம்பித்தவள் முடிக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, டாக்டர் தம்பிகிட்ட கேளுங்க. குடுத்துடுவாரு" என்றாள்.

கொடுத்துவிடுவார். அதுதான் கஷ்டமே. "அட, உங்க வண்டியாண்ணே? எடுத்துக்கங்க" என்று ஒரே வார்த்தையில் கொடுத்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதை மறந்தவர் மாதிரி சாப்பிடுவார். மாமனாருக்கு எல்லாம் தெரிந்துபோகும். மச்சினி கதை கதையாகச் சொல்லுவாள். சகலை கொஞ்சம் அற்பனாக இருந்திருந்தால் மல்லுக்கட்டி வாங்கியிருக்கலாம். நல்லவனிடம் எப்படிச் சண்டை போடுவது? நாலு நாள் போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தார். ஐந்தாம் நாள் சகலையே கூப்பிட்டார். "அண்ணே, நாளைக்கு டெலிவரி. நீங்க இல்லாம நான் சாவி வாங்க மாட்டேன்."

போனார்கள். மாமனார், இரண்டு பெண்கள், இரண்டு மாப்பிள்ளைகள். ஷோரூம் நடுவில் துணி மூடி நின்றது கார். புக்கிங் மேஜைப் பெண் இவரைப் பார்த்தாள். இவர் கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்.

துணியை இழுத்தார்கள்.

என்ன சொல்வது? அவர் வெயிலில் நின்று பொறுக்கிய அதே பச்சை. தகட்டில் இருந்தபோது வெறும் கலர். இப்போது அது பானெட்டின் வளைவில் இருண்டு, கதவில் வெளுத்து, கைப்பிடிக்குக் கீழே மறுபடி இருண்டது. ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வெளியே தள்ளி ஒருமுறை பார்க்கலாம் என்று டாக்டரே சொல்ல, வண்டியை வெயிலுக்குக் கொண்டுவந்தார்கள். வெயிலில் இன்னும் மோசம். இன்னும் அழகு.

"நீங்க சொல்லுங்கண்ணே" என்றார் டாக்டர். "கலர் எப்படி? நீங்க சரின்னாதான் எனக்குச் சரி."

கடைக்காரர் கார் பக்கத்தில் குனிந்தார். கண்ணைச் சுருக்கினார். விரலால் தடவி, விரலை மோந்துகூடப் பார்த்தார். "ம்..." என்று இழுத்தார். "கறுப்பு கொஞ்சம் கூடிடுச்சு சகலை."

டாக்டர் முகம் தொங்கிப்போனது. "அப்படியா?"

"மத்தவங்க கண்ணுக்குத் தெரியாது. தொழில்காரன் கண்ணு... என்ன பண்றது."

மாமனார் குனிந்து பார்த்தார். "ஆமாமா, கொஞ்சம் கறுப்பாத்தான் இருக்கு" என்றார். மூத்த மாப்பிள்ளை சொல்லி மாமனார் தலையாட்டியது அன்றைக்குத்தான். ஒரு வாரமாக எரிந்த மனசில் கொஞ்சம் குளிர்ச்சி பட்டது. அது மூன்று மூச்சு நேரம் இருந்தது.

"அப்ப உங்க வண்டியும் இப்படித்தானே வரும்?" என்றார் டாக்டர். முகத்தில் உண்மையான கவலை. "எனக்குப் போனது போகட்டும். உங்களுக்கும் இதே தப்பு நடக்கக் கூடாது. ஏம்மா, அண்ணன் ஆர்டர்ல கலரை மாத்திடுங்க. அந்த ஃபாரத்தைக் கொண்டு வாங்க."

புக்கிங் மேஜைப் பெண் ஃபாரத்தையும் பேனாவையும் கொண்டுவந்து நீட்டினாள். அவள் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. இந்த வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இவ்வளவு மரியாதையாக அவள் எந்தப் பேனாவையும் நீட்டியிருக்க மாட்டாள்.

கடைக்காரர் பேனாவைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டால் ஏழு மாதம் பத்து மாதமாகும், பச்சையும் போகும். போடாவிட்டால் சொன்னது பொய்யாகும். பேனாவை வாங்கி, மை இருக்கிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் மாத்த வேணாம்" என்றாள் அவர் மனைவி. "எனக்கு இந்தப் பச்சைதான் வேணும். கறுப்பும் கூடல, வெள்ளையும் கூடல. இவருக்குத் தம்பி கார் மேல பொறாமை. வேற ஒண்ணுமில்ல."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணனுக்கா? பொறாமையா? நல்ல ஜோக்கு அண்ணி!" மச்சினி சிரித்தாள். மாமனாரும் சிரித்து, "அப்ப கலர் சரியாத்தான் இருக்கா மாப்பிள்ளை?" என்றார்.

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் மாமா" என்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார் கடைக்காரர். "முதல் தரம். அற்புதமான கலர்." அந்த வார்த்தைகள் எந்த வாய் வழியாக வந்தன என்று அவருக்கே தெரியவில்லை. மனைவி ஃபாரத்தை மடித்து அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தாள்.

டாக்டர் ஓட்ட, மாமனார் முன் சீட்டில் ஏறினார். பின்னால் அக்காவும் தங்கையும், ஓரத்தில் மூத்த மாப்பிள்ளை. புது சீட்டின் வாசனை மூக்கில் ஏறியது. மாமனார் டேஷ்போர்டைத் தடவிப் பார்த்து, "அட!" என்றார்.

கடைக்காரர் கதவுப் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டார். புது வண்டி என்றால் எங்கேயாவது ஒரு கீச்சு, ஒரு கடகடப்பு இருக்கத்தான் வேண்டும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மூச்சைப் பிடித்துக் கேட்டார். மேம்பாலத்தின் இணைப்புகளில் கேட்டார். மாமனார் வீட்டுத் தெருவின் குண்டும் குழியுமான கடைசி நூறு அடியில், மனைவியைப் பேசாமல் இருக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

ஒரு சத்தமும் இல்லை.