புலிகுத்தியவளின் முகம்

திரைத்துணியை விலக்கி உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். ரவுண்டானா நடுவில், பாயும் புலிக்கு எதிரே அரிவாளோடு நிற்கும் சிமெண்ட் பெண்ணுக்கு என் மகள் பிரியதர்ஷினியின் முகம். அதே சப்பை மூக்கு, அதே மேலேறிய புருவம்.

செய்தவர் என் மருமகன் மாதவராஜ். மாட்டுப்பட்டியில் புகுந்த புலியை வெட்டிவிட்டுத் தானும் செத்துப்போன ஒருத்தியின் கதை எங்கள் ஊரில் உண்டு. அவளுக்காக ஊர் கூடி எழுப்பும் பெரிய நடுகல் இது. பத்து மணிக்குக் கலெக்டர் திறக்கிறார். பார்க்க வேண்டுமென்று பிரியா நிறைமாத வயிற்றோடு கிளம்பிக்கொண்டிருக்கிறாள்.

"புத்தி கித்தி இருக்குதுங்களா மாப்ள? நடுகல்லு செத்தவங்களுக்கு வெக்கிறது. உசுரோட இருக்கறவ மூஞ்சிய வெப்பாங்களா?"

"செத்தவ மூஞ்சி யாருக்குந் தெரியாதுங்க அத்த. கண்ண மூடுனா இவ மூஞ்சிதான் வந்துச்சு. ஆசையா வெச்சேன்."

ஆசையாம் ஆசை! தலைப்பிரசவத்துக்கு நிற்கும் பெண்ணை நடுகல்லில் நிறுத்த எந்தக் கிறுக்கனுக்கு ஆசை வரும்? சாரத்தில் ஏறி, கிடந்த சுத்தியலை எடுத்து ஓங்கினேன். கை இறங்கவில்லை. பெற்ற மகள் முகத்தில் எப்படி அடிப்பேன்?

"நீங்களே ஒடைங்க" என்று நீட்டினேன். அவர் வாங்கவே இல்லை.

வெளியே மைக்செட்காரர் "ஹலோ, ஹலோ" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்.

"ஒடைக்க வேணாங்க அத்த. மேல கலவைய அப்பி வேற மூஞ்சி ஆக்கிடறேன். யோசிச்சுச் செய்ய நேரமில்ல. எதிர்ல யாராச்சும் உக்காந்தாத்தான் ஆகும்."

யாரை உட்கார வைப்பது? நாற்காலி போட்டுக்கொண்டிருந்த மாதம்மாளைக் கூப்பிட வாயெடுத்தேன். அவளும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே?

"நானே உக்காருறேன்."

"அத்த! நீங்களுந்தான் உசுரோட..."

"போதும், இருந்து பாத்தாச்சு. கலவையக் கொழைங்க."

அவர் கலவையை அப்பினார். கன்னத்தை ஒடுக்கினார், கண்ணுக்குக் கீழே கோடு இழுத்தார். மகள் முகத்தை என் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது. பயம் இல்லாமலா? தீர்த்தமலையானே, வருவது என்னோடு போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பத்து மணிக்குத் திரை விலகியது. எல்லோரும் கைதட்டினார்கள். என் பக்கத்தில் நின்ற பிரியா சிரித்தபடி நிமிர்ந்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு புருஷனைப் பார்த்துச் சீறினாள்.

"எங்கம்மா உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு? ஒடைங்க அத! இப்பவே ஒடைங்க!"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார்.

"வாய மூடுடி, கலெக்டர் பாக்குறாரு" என்று அவள் கையில் ஒரு கிள்ளு வைத்தேன்.