வராந்தாவில் நின்ற ட்ரம்பெட்

என் மாமியார் பேர்ணடெற்றின் தகப்பன் குருநகர் மத்தியாஸ், கொழும்பு ஹோட்டல் ஒன்றில் வெள்ளைக்காரரோடு சேர்ந்து ஜாஸ் வாசித்தவர். ட்ரம்பெட். 1936இல் ஒரு இசைத்தட்டும் வந்தது. ஆனால் அந்த இசைத்தட்டுப் பேச்சை எடுத்தால் போதும், மாமி எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார்.

காரணம் இதுதான். ஒலிப்பதிவு நாளன்று மற்ற எல்லாரையும் அறைக்குள் வைத்துக்கொண்டு, மத்தியாஸை மட்டும் வெளி வராந்தாவில் நின்று ஊதச் சொன்னார்களாம். "நானும் ஒரு காகமும்தான் வெளியிலை" என்று அவர் சிரித்துச் சிரித்துச் சொல்வாராம். வீட்டாருக்குச் சிரிப்பு வரவில்லை. கறுப்பன் என்று வெளியே விட்டிருக்கிறார்கள், இந்த மனுஷன் ரோசமில்லாமல் அதையும் சொல்லித் திரிகிறாரே என்று அவர் வாயை அடைத்துவிட்டார்கள். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த அவமானம் மட்டும் எங்களோடு விமானம் ஏறிக் கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்துவிட்டது.

போன ஞாயிறு வோபர்ன் பக்கம் ஒரு மண்டபத்தில் பழைய ஜாஸ் இசைத்தட்டுகள் போட்டார்கள். அறிவிப்பில் 'கொழும்பு, 1936' என்று இருந்ததை என் மனைவி அன்ரனெற்தான் கண்டாள். மாமி வரவே மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வீட்டில் அந்தத் தட்டு இருந்ததே இல்லை. அப்பாவின் ட்ரம்பெட்டை ஒருமுறையாவது கேட்கவேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை.

"தம்பி கிருபன், நான் ஆருடைய மகள் எண்டு அங்கை மூச்சும் விடக்கூடாது."

"ஓம் மாமி, விடமாட்டன்."

முதலில் பியானோ. பிறகு தூரத்திலிருந்து ட்ரம்பெட். தூரம் என்று பேர்தான், வந்த வேகத்தில் மற்ற எல்லாரையும் மூடிவிட்டது. ஜாஸில் எனக்குத் தலையும் விளங்காது வாலும் விளங்காது, ஆனாலும் புல்லரித்தது. கடைசியில் ஒரு காகம் கத்தியது. மாமி என் கையை இறுக்கிப் பிடித்தார்.

தட்டைப் போட்ட வெள்ளைக்காரர் விளக்கம் சொன்னார். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மைக். யாருடைய சத்தம் பெரிதோ அவரைத் தள்ளி நிறுத்துவது வழக்கம். இந்த ட்ரம்பெட்காரர் அறை மூலையில் நிறுத்தினாலும் அடங்காத ஆளாக இருந்திருக்கவேண்டும், அதனால்தான் வெளியே அனுப்பியிருக்கிறார்கள், காகமே சாட்சி என்றார். இப்படி ஒரு ஊதலைத் தான் அதிகம் கேட்டதில்லையாம். மற்ற எல்லாருடைய பெயரும் கிடைத்துவிட்டது, இவருடையது மட்டும் இல்லை என்று கவலைப்பட்டார்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மாமி எழும்பிவிட்டார்.

"மத்தியாஸ்!" என்றார் மண்டபம் முழுக்கக் கேட்க. "குருநகர் மத்தியாஸ். மை ஃபாதர்!"

எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமி கைதட்டலைக் கவனிக்கவே இல்லை. இன்னொருமுறை போடச் சொன்னார், சத்தத்தைக் கூட்டி.

காரில் ஏறியதும் விட்பியில் இருக்கும் தன் தம்பிக்குப் போன் எடுத்தார்.

"டேய் மரியோ, அப்பாவை உள்ளுக்கை வைச்சிருக்க அவங்களாலை ஏலாமப் போச்சாமடா!"