தழும்பை மறைக்கும் வெட்டு

ஆடி மாதத்தில் குன்னூரில் ஒரு துண்டு காய மூன்று நாளாகும். மயில்சாமியிடம் நாற்பது துண்டுகள் இருந்தும் போதவில்லை. வெளியே கட்டிய கொடியில் மேகம்தான் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. அவன் மனைவி சுசீலா வீட்டில் கரி அடுப்பைச் சுற்றி நாற்காலிகளைப் போட்டு, குழந்தைகளுக்குக் குளிர்காயக் கொடுப்பதுபோல் துண்டுகளை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் எந்த நாள் வேண்டுமானாலும் சுகாதார ஆய்வாளர் வருவார் என்று நோட்டீஸ் வந்திருந்தது. போன வருடம் ஈரத்துண்டு நாறியதற்காகப் பக்கத்துத் தெருவில் ஒரு முடிவெட்டும் கடையைப் பதினைந்து நாள் மூடியிருந்தார்கள். மறுபடி திறந்தபோது வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் வேறு நாற்காலிகளுக்குப் பழகியிருந்தார்கள்.

வெலிங்டன் போகும் ரோட்டோரத்தில், ஒரே ஒரு நாற்காலி உள்ள கடை மயில்சாமியுடையது. அவன் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான். சீப்புகளையும் கத்தரிக்கோலையும் கொதிநீரில் போட்டு எடுத்தான். கழித்த பிளேடுகளுக்கு மூடி போட்ட டப்பா வைத்தான். நோட்டீஸில் சொல்லியிருந்தபடி, தலையில் புண்ணோ தோல் நோயோ உள்ளவர்களுக்கு இங்கே முடி வெட்டப்படாது என்று ஒரு பலகை எழுதி மாட்டினான். ஆணி அடிக்கும்போது எல்லப்பனின் நினைவு வந்தது. சுத்தியலை ஒரு நிமிடம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

எல்லப்பன் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; இன்னும் அங்கேயே லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருப்பவர். ஏழு வயதில் பெற்றோரோடு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். கரையிறங்கித் தங்கிய முகாமில் கொதிக்கும் கஞ்சிப்பானை சரிந்து, பின்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு வெந்துபோயிற்று. அங்கே பிறகு முடி முளைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அதற்கு அவருக்கு வைத்த பெயர்களை எல்லாம் அவரே சிரித்துக்கொண்டு சொல்லுவார். இருபத்திரண்டு வருடங்களாக மயில்சாமி உச்சி முடியை நீளமாக விட்டு, பின்பக்கம் இறக்கி, அந்தத் தழும்பின் மேல் கூரை வேய்வதுபோல் படிய வாரிவிடுவான். கல்யாண வீடுகளில் எல்லப்பன் குல்லாவைக் கழற்றிவிட்டு உட்கார முடிந்தது அந்த வெட்டினால்தான். அவரே பார்க்க முடியாத அந்த இடம் மயில்சாமிக்குத் தன் உள்ளங்கையைப்போலத் தெரியும்.

வைகாசி கடைசியில் முடி வெட்டும்போது தழும்பின் ஓரத்தில் ஒரு சின்னப் புண்ணைப் பார்த்தான். தன் முடிவெட்டும் மிஷின் கீறியிருக்கும் என்று நினைத்தான். சொல்லவில்லை. படிகாரம் தடவி, முடியை இறக்கி வாரிவிட்டான். அடுத்த மாதம் அது ஆறியிருக்க வேண்டும். மாறாக, விளிம்பு தடித்து, நடுவில் ஈரம் கசிந்தது. அப்போதும் சொல்லவில்லை. தன் மிஷின், தன் சீப்பு, தன் கடை என்றுதான் மனம் சுற்றிச் சுற்றி வந்தது.

பலகை மாட்டிய மறுநாள் காலையில் எல்லப்பன் வந்தார். மூக்கைச் சுளித்தார்.

"என்னா தம்பி, கட ஆஸ்பத்திரி மாதிரி நாறுது. ஊசி கீசி போட்டுருவியோ?"

"இன்னிக்கி வேண்டாமுங்ண்ணா, நாளைக்கி வாங்க" என்று மயில்சாமி சொல்லி முடிப்பதற்குள் அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணையும் மூடிக்கொண்டார். வேறு வழியில்லாமல் துணியைப் போர்த்தினான். முடியைத் தூக்கிப் பார்த்தான். புண் ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகியிருந்தது. லேசான வாடையும் இருந்தது.

அப்போதுதான் வாசலில் குடை மடங்கும் சத்தம் கேட்டது.

ஆய்வாளர் ஷண்முகப்ரியா இளம்வயதுப் பெண். அதட்டாமல் பேசினாள். துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்து ஈரம் பார்த்தாள். இழுப்பறைகளைத் திறந்தாள். பிளேடு டப்பாவை அசைத்துப் பார்த்தாள். பலகையைப் படித்தாள். மயில்சாமி சீப்பை நனைத்து, எல்லப்பனின் முடியைக் கீழே இழுத்துப் படிய வைத்து, அதன் மேல் இடது உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். உள்ளங்கைக்கு அடியில் அது சுட்டது.

உங்களுக்குப் புது பிளேடு போட்டாரா ஐயா என்று அவள் கேட்டாள். என் கண்ணு முன்னாலதான் கவரைக் கிழிச்சார், இவரு கட மாதிரி சுத்தம் எங்க லயத்துல அடுப்படியில கூட இல்ல என்று இவ்வளவு நேரம் கண்ணை மூடியிருந்த எல்லப்பன் சாட்சி சொன்னார். அவள் சிரித்துவிட்டு ஆய்வுச் சீட்டில் கையெழுத்துப் போட்டாள். போகும்போது பலகையைக் காட்டிச் சொன்னாள்:

"புண்ணோட யாராச்சும் வந்தா சும்மா திருப்பி அனுப்பிராதீங்க. ஜிஎச்ல காட்டச் சொல்லுங்க. நீங்க பாக்குற எடத்த வேற யாரும் பாக்குறதில்ல."

சரிங்க மேடம் என்றான் மயில்சாமி.

அவள் குடை வளைவில் மறைந்த பிறகும் கையை எடுக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஜிஎச் போனால் டாக்டர் எப்படி வந்தது என்று கேட்பார். முடி வெட்டுகிற இடத்தில் என்று இவர் வெள்ளந்தியாகச் சொல்லிவிடுவார். கையெழுத்தின் மை இன்னும் காயவில்லை.

பின்னால் சின்னதாக ஒரு புண் இருக்கிறது, மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் போடுங்கள் என்றான். பிறகு, அவர் முகத்தைப் பார்க்காமல், "ஆறுனதுக்கப்புறம் வாங்ண்ணா" என்றான்.

எல்லப்பன் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். "அதான் அரிச்சுக்கிட்டே இருந்திச்சா. சரி தம்பி. என்னால ஒன் கடைக்கு ஒரு கொற வரக் கூடாது. ஆறினதும் வாறேன்."

குல்லாவைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

ஆவணி போயிற்று. புரட்டாசி போயிற்று. தீபாவளிக்கு முந்தின வாரம் கடையில் நிற்க இடமில்லை. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் மயில்சாமி திரும்பிப் பார்த்தான். தோட்டம் மூன்று கிலோமீட்டர்தான் மேலே. திங்கட்கிழமை போகலாம் என்பான். திங்கட்கிழமை மழை பெய்யும். பெய்யாத திங்கட்கிழமைகளில் சுண்ணாம்பு அடிப்பான், கண்ணாடி துடைப்பான், துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைப்பான். ஏனுங்க, அது தேஞ்சே போயிரும் போலிருக்குது என்று சுசீலா ஒரு நாள் கேலி செய்தாள். எல்லப்பன் வேறு கடைக்குப் போயிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதை நம்ப முயன்ற அளவுக்கு அவன் வேறு எதையும் நம்ப முயன்றதில்லை.

மார்கழியில் ஒரு காலை, புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடந்தபோது, எல்லப்பனின் மனைவி வேலாயி கடை வாசலில் வந்து நின்றாள். படியேறவில்லை. கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றாள். புற்று தலையெலும்புக்குள் போய்விட்டதாம், இனிமேல் செய்ய ஒன்றுமில்லையாம். பொங்கல் வருகிறது, முடி வெட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறார்.

"கடைக்கு வாறேன்னு சொன்னாராம். புண்ணு இன்னும் ஆறல, அதான் வரலன்னு ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாரு."

மயில்சாமி கதவைச் சாத்தினான். புது சீப்பு, பிரிக்காத பிளேடு, அடுப்பில் காய்ந்த இரண்டு துண்டுகள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் மேடேறினான். கொழுந்து பறிக்கிறவர்கள் தூரத்தில் யாரையோ கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

லயத்து வாசலில் வெயிலுக்கு முதுகு காட்டி ஒரு முக்காலியில் எல்லப்பனை உட்கார வைத்திருந்தார்கள். தோளெலும்புகள் சட்டைக்குள் தனியாக நின்றன. மயில்சாமியைப் பார்த்ததும் கண் மலர்ந்தது. கடை எப்படி இருக்கிறது, அந்த மேடம் திரும்ப வந்தாங்களா என்று விசாரித்தார். நல்லா இருக்குதுங்ண்ணா என்றான். அதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. கண்ணை மூடிக்கொண்டார்.

வேலாயி குல்லாவைக் கழற்றினாள். பின்தலை முழுவதும் கட்டு. கட்டின் ஓரத்தில் தாறுமாறாக வளர்ந்த முடி, அஞ்சு மாத முடி.

"வெந்த தழும்புலருந்து வந்ததாம்" என்றாள். "சில பேருக்கு வருசங் கழிச்சு அப்பிடி வருமாம். யாரும் ஒண்ணும் செஞ்சதால வந்ததில்லன்னாரு டாக்டரு. ஆனா ஆரம்பத்துலயே கொண்டாந்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாமாம். நான் எங்க பாத்தேன்? தலையில கை வைக்க வுட மாட்டாரு. எப்பவும் குல்லா. முடி வேற எறங்கி மூடிக்கிட்டு கெடந்திச்சு."

மயில்சாமி துண்டை எல்லப்பனின் தோளில் விரித்தான். காரணம் அவனுடைய மிஷின் அல்ல. அவன் சீப்பும் அல்ல. ஏழு மாதங்களாக அந்தப் பயத்தை மட்டும் சுத்தமாக, ஒரு தூசு படாமல் வைத்திருந்தான்.

வேலாயி அவன் கையிலிருந்த சீப்பைப் பார்த்தாள். பிறகு அவனை.

"மாசாமாசம் நீங்கதானே வெட்டினீங்க. நீங்க பாக்கலயா?"

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். எல்லப்பனின் மூடிய இமைகள் அசையவில்லை.

"பாத்தனுங்க்கா" என்றான் மயில்சாமி. "மூணு மாசம் பாத்தேன். அந்த மேடம் வந்தப்ப நாந்தான் கைய வெச்சு மறச்சேன்."

வேலாயி கணவனின் தலை சாயாமல் இரண்டு கைகளாலும் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். பின்பு அவனைப் பார்க்காமல் சொன்னாள்:

"வெட்டுங்க. அவரால ரொம்ப நேரம் ஒக்கார ஏலாது."