கதவோடு வந்தவள்

சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கும் பெண், ஒரு வெள்ளிக்கிழமை பட்டப்பகலில் தன் வீட்டு வாசல்கதவை முதுகில் சுமந்துகொண்டு பெண்கள் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தாள். அன்று காலை புருஷன் அவளை அடித்து உள்ளே தள்ளி, வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருந்தான். அவள் எழுந்து முகம் கழுவி, கதவைத் தள்ளினாள். கீல், நிலைச்சட்டம், பூட்டு எல்லாம் சேர்த்து அது கையோடு வந்துவிட்டது. போட்டுவிட்டுப் போக மனம் வராமல் தூக்கிக்கொண்டாள். கடைத்தெரு வழியாகத்தான் நடந்தாள். அத்தனை பேரும் பார்த்தார்கள். கிழிந்த உதட்டைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. என்ன மரம் என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

காப்பகம் முன்பு அச்சகமாக இருந்த கட்டடம். மழை பெய்தால் இன்னமும் மை வாசனை வரும். அதை நடத்தும் பெண்ணை எல்லோரும் அக்கா என்பார்கள். தொலைபேசியில் இடமில்லை, இடமில்லை என்று சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பாதி முடி நரைத்திருந்தது. அன்றும் இடமில்லை. "கட்டில் காலி இல்லையேம்மா. சரி, அத செவுத்துல சாத்திட்டு வா, மொதல்ல சாப்பிடு" என்றாள். காலர்காரி கொல்லைச் சுவரில் கதவைச் சாத்தினாள். சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தபோது உள்ளே ஓர் அறை இருந்தது. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், துணி மாட்ட ஒரு கொடி. சுவருக்கு அந்தப் பக்கம் சைக்கிள் கடை. கடைக்காரர் நாடா வைத்து அளந்து பார்த்தார். அவர் இடத்தில் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. அதனால் அவர் ஆட்சேபிக்கவில்லை.

புருஷன் வீட்டில் அதன்பின் எந்தக் கதவும் நிற்கவில்லை. தச்சர் கூலியை வாங்கிக்கொண்டு படி இறங்குவதற்குள் புதுக்கதவு தெருவில் குப்புற விழுந்துகிடக்கும். அவன் சாப்பிடுவது, குடிப்பது, யாரையாவது கெட்ட வார்த்தையில் திட்டுவது எல்லாமே தெருவுக்குத் தெரிந்தது. அவள் அலறும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்ட எதிர்வீட்டுக்காரர்கள்கூட இப்போது உச்சுக்கொட்டினார்கள். அவர்களுடைய உச்சுக்கொட்டலை உடைப்பில்தான் போட வேண்டும்.

அவன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். உடைந்த கையோடு அவளும் ஒருமுறை அதே ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். "குடும்பம்னா நாலும் இருக்கும், அனுசரிச்சுப் போம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். கதவுக்கு அப்படியில்லை. ஒரு டீ குடிக்கும் நேரத்தில் புகார் பதிவாகி, இன்ஸ்பெக்டரே ஜீப் ஏறிக் காப்பகத்துக்கு வந்தார். "என் காசுல வாங்குன கதவு சார்" என்று அவன் கண்கலங்கினான். பெண்டாட்டி என்ற சொல் அவன் வாயில் வரவே இல்லை. போலீஸ்காரர்கள் மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். கதவு இம்மியும் அசையவில்லை.

"நீயே தூக்கிக் குடுத்துரும்மா. உங்க குடும்ப விஷயத்துல நாங்க தலையிடல" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நீங்க தலையிடலன்னுதான் சார் கதவு இங்க வந்துருக்கு" என்றாள் காலர்காரி.

விவகாரம் காப்பகத்தின் தலைவரிடம் போனது. கட்டடம் அவருடையது. மேடை ஏறினால் பெண்களைக் கண்கள் என்பார். அவர் தீர்ப்பு சுலபமாக இருந்தது: அவளால் மட்டும்தான் தூக்க முடிகிறது, ஆகவே அவளே கொண்டுபோய் மாட்டிக் கொடுக்கட்டும். மாட்டியபின் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். முன்பு அவர் சமாதானம் பேசி அனுப்பிவைத்த ஒருத்தி நேராகப் பிணவறைக்குத்தான் போனாள். அதற்கும் அவர் மாலை வாங்கிக்கொண்டு வந்தார், வெட்கங்கெட்ட மனிதர். நாளைக் காலைக்குள் கதவு போகவில்லையென்றால் மொத்தப் பேரும் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

"நீ போகாத. எல்லாரும் சேந்து தெருவுல நிப்போம்" என்றாள் அக்கா. காலர்காரி காப்பகத்துப் பெண்களின் குழந்தைகளைப் பார்த்தாள். மறுநாள் விடிந்ததும் கதவுக்குத் தோள் கொடுத்தாள். "வேணாண்டி" என்று அக்கா அதன் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அழுதாள். அழுகையா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் தெருமுனையில் தலைவரின் மனைவி வந்துகொண்டிருந்தார். முதுகில் தேக்குக் கதவு, பித்தளைக் குமிழ் வைத்தது, இரட்டைக் கதவு. பேரன் பேத்தி எடுத்தவர். முழங்கை வரை எப்போதும் மூடியிருக்கும் ரவிக்கைக் கை மேலே ஏறியிருந்தது. அதற்குக் கீழே பழையதும் புதியதுமாகத் தழும்புகள். தர்ம காரியங்களில் அவர் குத்துவிளக்குபோல் நின்றதை ஊரே பார்த்திருக்கிறது. கையை யாரும் பார்த்ததில்லை.

"கொஞ்சம் பெருசும்மா. இடம் இருக்குமா?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

காலர்காரி தன் கதவை மறுபடியும் சுவரில் சாத்திவிட்டு ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தாள். கட்டடத்தின் சாவியை வாங்க வந்த தலைவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அதட்டுவதற்கு வாயைத் திறந்தார். பின்னால், மேட்டுத் தெருவில், அவருடைய வீடு ஹாலிலிருந்து படுக்கையறை வரை ஆவென்று திறந்துகிடக்க, ஊர் அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு காரில் ஏறினார். காலி செய்யும் பேச்சு அதன்பின் எழவில்லை.

அடுத்து வந்த வருடங்களில் கொல்லைச் சுவரில் இடம் போதாமல் முன்சுவரிலும் கதவுகள் வந்தன. தகரக் கதவும் உண்டு, கண்ணாடிக் கதவும் உண்டு. இன்ஸ்பெக்டர் குடியிருப்பின் பச்சைக் கதவும் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. இப்போது அந்த ஊரில் கதவில்லாத வீட்டைக் கடக்கும்போது யாரும் என்ன ஆயிற்று என்று விசாரிப்பதில்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவனை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.