டிரைவரின் கட்டம்

வெள்ளையடித்த ஈரம் முழுசாகக் காயவில்லை. அதற்குள் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் அந்த ஆள் மறுபடியும் தெரிந்தான். முகம் கிடையாது. ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, ஆறிப்போன தழும்பு மாதிரி ஊதா நிறத்தில் நின்றான்.

ஓவிய டீச்சர் பெயின்ட் டப்பாக்களைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். சுவரை ஒட்டிய மேசைகள் காலி. குடியை விட அந்த மறுவாழ்வு இல்லத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் எதிர்ப்பக்கம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தட்டில் கவிழ்ந்திருந்தார்கள்.

"டிரைவரு சாப்பிட வந்துட்டாரு, எடம் விடுங்கப்பா" என்று ஒருத்தன் முனகினான். யாரும் சிரிக்கவில்லை.

அந்தச் சுவரை அவள் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தாள். ஆளுக்கு ஒரு கட்டம். ஒருவர் சிகிச்சை முடிந்து போனால், அடுத்து வருபவருக்கு அது போகும். டிரைவர் தன் கட்டத்தில் ஒரு பஸ்ஸையும், நிறுத்தத்தில் கை காட்டும் ஓர் ஆளையும் வரைந்தான். யார் என்று கேட்டதற்கு, போதையில் தான் ஏற்றாமல் விட்டுவந்த ஆள் என்றான். வீட்டுக்குப் போய் மாதம் திரும்புவதற்குள் குடித்தே செத்தான். போனில் செய்தி வந்த அன்றே கட்டத்துக்கு வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டார் வார்டன். வெள்ளையைத் தாண்டி அந்த ஆள் மேலே வந்ததும், செத்த டிரைவர்தான் வந்து நிற்கிறான் என்று பேச்சு கிளம்பியது.

இப்போது கட்டம் மெக்கானிக்குக்கு. டிரைவருக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன். ஒவ்வொரு தடவையும் வெள்ளையடித்தவன் அவன்தான். இன்றைக்குப் பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அங்கே யாரையும் பூட்டி வைப்பதில்லை. கையெழுத்துப் போட்டால் கேட்டைத் திறந்துவிடுவார்கள். கேட்டைத் தாண்டினால் அவன் கால் எங்கே போகும் என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"நான் கெளம்புறேன் டீச்சர். அந்தாளு என்னத்தான் கூப்பிடுறான்."

அவள் எதிரில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னாள். ஸ்பிரிட் கலந்த எதுவும் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது. வார்னிஷ் கூடாது, சென்ட் கூடாது. ஷேவிங் லோஷனைக் குடித்தவர்கள் இருந்த வீடு அது. அதனால் தண்ணீர் பெயின்ட் மட்டும்தான். ஆனால் வந்த புதிதில் டிரைவருக்குக் கை நடுங்கி பிரஷ் நிற்கவில்லை. மனசு கேட்காமல் அவள்தான் ஸ்பிரிட் மை போட்ட அழியாத மார்க்கர் ஒன்றைப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாள். அந்த மை தண்ணீர் பெயின்ட்டுக்கு அடங்காது. எத்தனை பூச்சு போட்டாலும் ஊறி மேலே வரும். மேலே ஒரு கை வார்னிஷ் அடித்தால் நிற்கும். அதைத்தான் உள்ளே கொண்டுவர முடியாது.

மெக்கானிக் தலையை ஆட்டினான். "மார்க்கர்னா பஸ்ஸும்ல வரணும்? பஸ்ஸக் காணோம், ஆளு மட்டும் வர்றான்."

"பஸ் போடும்போது கை நடுக்கம் நின்னுடுச்சு. அத பிரஷ்ல போட்டாரு."

"செத்தவனுக்கு நல்லா வக்காலத்து வாங்குறீங்க."

அவள் பைக்குள் கையை விட்டு அதே மார்க்கரை எடுத்து நீட்டினாள். "நீங்களே போடுங்க. மேல வெள்ளையடிப்போம். நாளைக்குப் படம் மேல வரலைன்னா நானே கேட் வரைக்கும் வந்து விடுறேன்."

பூவோ பானையோ போடுவான் என்று நினைத்தாள். அவன் ஓர் ஆளைப் போட்டான். கையில் ஸ்பானர். கை காட்டுகிறவனுக்குப் பக்கத்திலேயே, உரசுகிற மாதிரி. முகம் போடவில்லை. வேறு ஏதாவது போடச் சொல்ல வாயெடுத்தவள் விழுங்கிக்கொண்டாள். அவன் திரும்பிய நேரம் பார்த்து வெள்ளைப் பெயின்ட்டில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினாள்.

மறுநாள் காலையில் சுவரில் இரண்டு பேர் நின்றார்கள்.

மெக்கானிக் ஸ்பானரை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். "நான் உசிரோடதான் இருக்கேன், நானும் வந்துட்டேன். அப்ப மார்க்கர்தான்." பையைப் பிரித்தான். தட்டை எடுத்துக்கொண்டு அந்தச் சுவரோரமே போய் உட்கார்ந்தான். ஒவ்வொருவராக மற்றவர்களும் வந்தார்கள். மெக்கானிக் சிகிச்சையை முழுசாக முடித்துவிட்டு, எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு, கேட்டைத் தாண்டிப் போனான்.

அதற்குப் பிறகு வார்டனே ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லோரையும் வெளியே கூட்டிப்போகும் நாளில் கூடத்தைப் பூட்டிவிட்டு, வெளி ஆளை வைத்து வார்னிஷ் அடித்து அடைத்துவிடலாம் என்றார்.

"இருக்கட்டும் சார்" என்றாள் டீச்சர்.

"பேய் மாதிரி நிக்குது டீச்சர்."

"இருக்கட்டும்."

காலையில் வந்ததும் அவள் கண் ஸ்பானர்காரன் மேல்தான் போகிறது. நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டு வருகிறான். மை அப்படித்தான் ஊறும். அடித்த பெயின்ட்டில் தண்ணீர் அதிகம், அதுவும் அவள் ஊற்றியதுதான். எல்லாம் தெரியும். இருந்தும் பையைத் தோளிலிருந்து இறக்குவதற்குள் வார்டன் அறைக் கதவருகே போய் நின்றுவிடுகிறாள்.

"போன் ஏதாவது வந்துச்சா சார்?"

யாரைப் பற்றி என்று அவர் கேட்பதில்லை. பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்கிறார்.

"இன்னும் வரல."