நம்ம தியேட்டரில் மட்டும் அவன் சாகவில்லை

அதுதான், அந்தப் படத்துப் போலீஸ்காரன் நம்ம தியேட்டரில் மட்டும் சாகவில்லை. மற்ற எல்லா ஊர்களிலும் கடைசிச் சண்டையில் பாலத்திலிருந்து விழுந்து செத்தான். இங்கே எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஐம்பத்து மூன்று நாள், நாளைக்கு நாலு காட்சி, ஒன்றில்கூட அவன் சாகவில்லை. விஷயம் வெளியே வந்தது தையல்காரரின் மனைவியால். மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போனவள், ஒரு மதியம் பொழுது போகாமல் சம்பந்தியம்மாவோடு அதே படத்துக்கு இரண்டாம் தடவை போனாள். முடிவதற்குள் வெளியே ஓடிவந்து புருஷனுக்குப் போன் போட்டாள். "என்னங்க, செத்துட்டாருங்க!" தையல்காரர் கையிலிருந்த பேண்ட்டைக் கீழே போட்டார். "யாரு, சம்பந்தியா?" "ஹீரோங்க! பாலத்துல இருந்து விழுந்துட்டாரு. பாவம், பொண்ணு ஸ்கூல் வாசல்லயே நிக்குது." தையல்காரருக்குப் போன மூச்சு வந்தது. "நீ பாதியில தூங்கியிருப்ப" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவள் தூங்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் ஆளாளுக்கு வெளியூர்ச் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டாயிற்று. மச்சான் ஊரில் செத்திருந்தான், சித்தி ஊரில் செத்திருந்தான், கடல் தாண்டி வேலைக்குப் போனவர்களின் ஊர்களிலும் தவறாமல் செத்திருந்தான். பிறகு பழைய கோடைகளைத் தோண்டினார்கள். மூன்று வருஷத்துக்கு முன் வந்த பேய்ப் படம் மற்ற ஊர்களில் இரண்டே நாளில் பெட்டியைக் கட்டியது. பேயைப் பார்த்துக் குழந்தைகள் சிரித்தன என்று விமர்சனம் எழுதினார்கள். இங்கே அதே பேயைப் பார்த்து முடிதிருத்தும் கடைக்காரர் ஒன்பது நாள் கண்ணாடி முன் நிற்கவில்லை. விமர்சனம் எழுதியவனெல்லாம் காசு வாங்கிக்கொண்டு திட்டுகிறான் என்றுதான் ஊர் அத்தனை வருஷமும் நம்பியிருந்தது. கோடைப் படங்களில் மட்டுமே இப்படி நடந்தது. பள்ளி விடுமுறை, வெயில், ஆறு மாதம் முன்பே வரும் டீசர் எல்லாம் சேர்ந்து ஊர் அப்போதுதான் எதிர்பார்க்கும். மற்ற மாதங்களில் யாரும் எதையும் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை, அதனால் அந்தப் படங்கள் வந்தபடியே ஓடிப் போயின.

ஆனால் ஊரின் எதிர்பார்ப்புதான் காரணம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியது படம் ஓட்டும் ஆபரேட்டர் அக்காவின் பெயர். ரீல் காலத்தில் மெஷின் ரூமுக்குள் போனவள், ரீல் போய் ஹார்ட் டிஸ்க் வந்த பிறகும் அங்கேயே இருந்தாள், மொத்தம் பத்தொன்பது வருஷம். படம் பூட்டிய பெட்டியில் வரும், அதைத் திறக்கும் கடவுச்சொல் ரிலீஸ் அன்று காலையில்தான் கம்பெனியிலிருந்து வரும், தன் வேலை பட்டனை அழுத்துவதும் ஏசியைப் பார்த்துக்கொள்வதும்தான் என்று அவள் எல்லோருக்கும் பொறுமையாகச் சொன்னாள். "பூட்டிய பெட்டி" என்ற சொல்லைக் கேட்டதும் ஊரின் சந்தேகம் இரண்டு மடங்கானது.

சந்தேகப்பட்டவர்களில் முதல் ஆள் அவள் கூடப்பிறந்த அண்ணன், பல் டாக்டர். அவர் தன் கருத்துகளை வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம்தான் சொல்வார், அதனால் அவற்றுக்கு இதுவரை மறுப்பே வந்ததில்லை. அவரிடம் ஆதாரமும் இருந்தது. பதினோரு வயதில் கால் உடைந்து ஒரு கோடை முழுக்கக் கட்டுப்போட்டுக் கிடந்தபோது, தங்கச்சிதான் ஒவ்வொரு படத்துக்கும் போய்வந்து அவருக்குக் கதை சொன்னாள். வளர்ந்த பிறகு அந்தப் படங்களை டிவியில் பார்த்தார். ஒன்றுகூட அவள் சொன்னபடி இல்லை. எல்லாமே அவள் சொன்னதைவிட மட்டமாக இருந்தன. "அப்பவே ஆரம்பிச்சுட்டா" என்று கடைவாய்ப் பல்லைத் தட்டியபடி சொல்வார். படுத்திருப்பவர் ஆமாம் என்பதுபோல ஏதோ சத்தம் போடுவார்.

இது அவள் காதுக்கு வந்தது. கிளினிக்குக்கே போய், மூன்று பேர் காத்திருக்கும்போது கேட்டாள். "ஏண்ணே, பல்லு பார்க்கிறவன்னா கண்டதையெல்லாம் கடிச்சுப் பார்க்கணுமா?" அவர் கையுறையைக் கழற்றாமலே, "ஒண்ணும் பண்ணலைன்னா ஏன் இவ்வளவு கோவம் வருது உனக்கு?" என்றார். "பண்ணலைங்கிறதாலதான் வருது!" காத்திருந்த மூவரும் இதை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த வருஷக் கோடைக்குக் கண்டிப்பாக ஓட வேண்டிய படம் ஒன்று இருந்தது. முதல் இரண்டு பாகங்கள் வந்து, மூன்றாவதுக்காக நாலு வருஷம் எல்லோரும் காத்துக் கிடந்த படம். அது ரிலீசாவதற்கு ஏழு வாரம் முன்பு, விஷயம் காதில் விழுந்த படக் கம்பெனியிலிருந்து தியேட்டர் முதலாளிக்குக் கடிதம் வந்தது. எந்தப் பேச்சையும் பாதியில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவதால் முதலாளிக்கு 'இடைவேளை' என்றே பெயர். அந்தக் கடிதத்தை மட்டும் அவர் நிறுத்தாமல் படித்தார். முதல் காட்சிக்கு ஒரு பரிசோதகர் வருவார், படத்தில் ஒரு நொடி மாறியிருந்தாலும் ஆபரேட்டரின் உரிமம் ரத்து, அவள் இனி எந்த ஊரிலும் எந்த மெஷினையும் தொட முடியாது. அக்கா கடிதத்தை வாங்கி மடித்து, மெஷின் ரூம் சாவியோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வேறு வேலை அவளுக்குத் தெரியாது.

ஊர் தன் தப்பைச் செய்தது அந்த ஏழு வாரத்தில். ட்ரெய்லர் வந்தது, யாரும் கதையைப் பற்றிப் பேசவில்லை. பாட்டு வந்தது, கேட்டுவிட்டு, இதை எந்த இடத்தில் வெட்டுவாள் என்றார்கள். அவள் கத்தரிக்கோலால் வெட்டுகிறாள் என்றார் தையல்காரர். முடிதிருத்துபவர் சவரக்கத்தி என்றார். பள்ளித் தலைமையாசிரியை மட்டும் நாகரிகமாக, பாப்கார்ன் மெஷினுக்குள் இன்னொரு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்றார். போஸ்டர் ஒட்டிய அன்று யாரும் போஸ்டரைப் பார்க்கவில்லை. அண்ணாந்து மெஷின் ரூமின் சதுர ஜன்னலைத்தான் பார்த்தார்கள். மொத்த ஊரும் நாலு வருஷம் காத்திருந்த படத்தை மறந்துவிட்டு ஒரே ஒரு பொம்பளை பிடிபடுவதை எதிர்பார்த்தது.

காலை பதினோரு மணிக் காட்சி. நிற்க இடமில்லை. பரிசோதகர் முழுப்படத்தையும் நிமிடவாரியாக எழுதிய நோட்டோடு நடு வரிசையில் உட்கார்ந்தார். பல் டாக்டர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மெஷின் ரூமுக்குள்ளேயே போய், தங்கச்சியின் கைகளுக்கு எதிரில் போட்டுக்கொண்டார். அவள் கடவுச்சொல்லைப் போட்டாள், பட்டனை அழுத்தினாள், மகனின் சட்டைக்குப் பித்தான் தைக்க உட்கார்ந்தாள்.

எழுத்துகள் ஓடி முடிந்ததும் திரையில் அதே தியேட்டர் வந்தது. அதே வரிசைகள், அதே ஆட்கள், எல்லோரும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் இருந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து திரையில் அக்கா வந்தாள். கத்தரிக்கோலால் வெட்டினாள். தையல்காரர் எழுந்து, "இது நான் சொன்னது!" என்று கத்தினார். சவரக்கத்தியால் வெட்டினாள். பாப்கார்ன் மெஷினுக்குள் கைவிட்டு டிஸ்க் எடுத்தாள், தலைமையாசிரியை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஊரில் யார் யார் என்னென்ன நினைத்தார்களோ அத்தனையும் ஒன்றுவிடாமல், நல்ல வெளிச்சத்தில், பின்னணி இசையோடு வந்தது. பரிசோதகர் திரையில் தானே பாய்ந்துபோய் அவளைப் பிடிப்பதைப் பார்த்துவிட்டு நோட்டை மூடினார். இவ்வளவு கச்சிதமாக எதிர்பார்ப்பை நிறைவேற்றிய படம் உலகத்தில் வேறு கிடையாது. ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

விளக்கு போட்டதும் பரிசோதகர் மேலே போனார். பின்னால் படிக்கட்டு முழுக்க ஊர். "டாக்டர், நீங்க உள்ளதான் இருந்தீங்க. அவங்க எதையாவது தொட்டாங்களா?" பல் டாக்டர் தங்கச்சியைப் பார்த்தார். இரண்டே முக்கால் மணி நேரம் அந்தக் கைகளைத் தவிர அவர் வேறெதையும் பார்த்திருக்கவில்லை. ஊசி, நூல், ஆறு பித்தான்.

"தொட்டா" என்றார். படிக்கட்டிலிருந்த ஊர் ஒரு படி மேலே ஏறியது. "எனக்கு வேர்க்குதுன்னு ஃபேனை என் பக்கம் திருப்பி வெச்சா. வேற ஒண்ணையும் தொடலை."

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "போதும்ணே, கீழ இறங்கு. அடுத்த காட்சிக்கு நேரமாச்சு."

பரிசோதகரின் அறிக்கை மூன்று வரி. மெஷின் சரியாக இருக்கிறது. பெட்டியின் பூட்டு சரியாக இருக்கிறது. பார்வையாளர்களைச் சோதிக்க எனக்கு அதிகாரம் தரப்படவில்லை. படம் அறுபத்தோரு நாள் ஓடியது. பக்கத்து ஊர்க்காரர்கள் நிஜப் படத்தை எதிர்பார்த்துப் பஸ் பிடித்து வந்ததால் மூன்றாம் வாரத்திலிருந்து மெல்ல மெல்ல உண்மையான கதை கலந்து, கடைசி வாரம் நிஜ வில்லனும் வந்து சேர்ந்தான். அவன் அவ்வளவு சுகமில்லை என்றுதான் பேச்சு.

இப்போது இது ஊரில் பெரிய விஷயமில்லை, ஏசி வேலை செய்கிறதா என்பதுபோல ஒரு விசாரிப்பு, அவ்வளவுதான். டிக்கெட் கொடுக்கும்போது கவுன்டரில் இருப்பவர், "நல்லபடியா நினைச்சுக்கிட்டுப் போங்க" என்பார். சந்தேகப் புத்தி மட்டும் போகவில்லை. தன் பக்கத்து சீட்காரன் என்ன நினைக்கிறானோ என்று ஒவ்வொருவரும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்கிறார்கள். இந்தக் கோடைக்கு ஒரு படகுப் படம் வருகிறது. ட்ரெய்லரில் அப்பா தனியாகத் துடுப்புப் போடுகிறார், கரையில் இரண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள், அலை எழும்புகிறது, அவ்வளவுதான் காட்டினார்கள். பாதி ஊர் அவர் கரைக்கு வந்துவிடுவார் என்கிறது, பாதி ஊர் வரமாட்டார் என்கிறது, எண்ணிப் பார்த்தால் சரிசமமாக இருக்கிறது. முதல் நாள் பட்டனை அழுத்தப்போவது பல் டாக்டர். ஒரு வாரமாகக் கற்றுக்கொள்கிறார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஆபரேட்டர் அக்கா கீழே சீட்டில் உட்காரப் போகிறாள். என்ன எதிர்பார்க்கிறாள் என்று அண்ணனிடம்கூடச் சொல்ல மறுத்துவிட்டாள். ஒரே ஒரு சீட் இன்னும் விற்காமல் இருக்கிறது, ஈ வரிசை, நடைபாதை ஓரம். நீங்களும் அந்த ட்ரெய்லரைப் பார்த்திருப்பீர்களே, சொல்லுங்கள், அந்த அப்பா கரைக்கு வருவாரா, மாட்டாரா?